அக்கா தோண்ட வைத்த நகரம்

ஒரு மீனை உப்பில் புதைத்து, ஆசிரியர்கள் அறை அலமாரியில் நாற்பது நாள் வைத்திருந்தவள் என் அக்கா. எகிப்தியர்கள் இறந்த உடலை எப்படிக் கெடாமல் வைத்தார்கள் என்று ஏழாம் வகுப்புக்குக் காட்ட வேண்டுமாம். முதல் வாரம் போட்ட உப்பு போதவில்லை. கணக்கு ஆசிரியர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்தினார். உப்பை மாற்றிய பிறகு வாடை அடங்கியது. கணக்கு ஆசிரியர்தான் அடங்கவில்லை. நாற்பதாம் நாள் மீனை வெளியே எடுத்தபோது அது விறகுக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து மூன்று வகுப்புகளில் பாடம் நின்றுபோனது.

நான் அதே பள்ளியில் அலுவலக எழுத்தர். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தேர்வுப் பட்டியல் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருப்பதும் நான்தான். ஆக, இவள் அடிக்கும் கூத்தை வீட்டிலும் பார்த்து, வேலை செய்கிற இடத்திலும் பார்க்கும் பாக்கியம் எனக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. அத்தானுக்குப் பாதிதான். அவர் செயற்கைப் பல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். கொடுத்து வைத்தவர்.

அக்கா பிறக்கும்போதே மண்ணும் கையுமாகப் பிறந்தவள் இல்லை. முதல் பதினான்கு வருஷம் எல்லோரையும் போலத்தான் வரலாறு நடத்தினாள். புத்தகத்தைத் திறப்பாள், வாசிப்பாள், முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போடச் சொல்வாள், மணி அடிக்கும். அவள் வகுப்பு என் அலுவலகத்துக்கு நேர் மேலே. பிற்பகலில் அந்தக் குரல் இறங்கி வந்தால் எனக்கே கண்ணைச் சுழற்றும். உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் சுமேரியர் பாடம் முடிந்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், இவங்கெல்லாம் நிஜமாவே இருந்தாங்களா, இல்ல பரீட்சைக்காக எழுதி வெச்சதா?" என்று கேட்டிருக்கிறாள். கிண்டலுக்கு இல்லை. நிஜமான சந்தேகம்.

அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "பதினாலு வருஷம்டி. ஒரு பிள்ளையைக்கூட நான் நம்ப வைக்கலை" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? பாஸ் பண்ணிட்டாங்கள்ல?" என்றேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் விளாசினாள்.

மறுநாள் ஒரு வாளி களிமண்ணோடு வகுப்புக்குப் போனாள். ஐஸ் குச்சிகளின் முனையைச் சீவி ஆளுக்கொன்று கொடுத்தாள். சுமேரியர்கள் எழுதியது போல மண் பலகையில் குத்திக் குத்தி எழுத வேண்டும். என்ன எழுதுவது என்பது அவரவர் இஷ்டம். பெரும்பாலான பிள்ளைகள் புகார் எழுதினார்கள். என் பென்சிலை எடுத்துக்கொண்டு தரவில்லை. என் இடத்தில் அவன் உட்கார்கிறான். அக்கா சிரித்துவிட்டு, "அவங்களும் இதைத்தான் எழுதினாங்க. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின புகார்ப் பலகைங்க நிறையக் கிடைச்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே எழுந்து நின்றுவிட்டதாம். முந்தின நாள் கேட்ட அந்தப் பெண், "அப்போ இருந்திருக்காங்க!" என்று மேஜையைத் தட்டியிருக்கிறாள்.

அவ்வளவுதான், அக்காவுக்குப் பிசாசு பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் மாவு தேய்க்கும் கட்டை, ஈரக் களிமண்ணில் உருட்டி அச்சுப் பதிக்கும் உருளை முத்திரை ஆனது. சல்லடை மூன்று காணாமல் போனது. துணி காயப்போடும் கயிற்றில் பன்னிரண்டு முடிச்சுப் போட்டு, மூன்று பேர் இழுத்துப் பிடித்தால் செங்கோணம் வரும் என்று காட்டினாள். அன்று எங்கள் துணியெல்லாம் நாற்காலிகளில் காய்ந்தது. அத்தான் தேய்ந்துபோன பல் சுரண்டும் கருவிகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து, "இந்தா, உன் தொல்பொருளுக்குச் சொத்தை எடு" என்று கொடுத்தார். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் இன்னும் ஆடுவாள் என்று சொல்லவில்லை.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, கறாரானவர். சீருடை அழுக்காகிறது என்று பெற்றோரிடமிருந்து புகார்கள் வந்தன. மீன் விவகாரம் வேறு. போதாததற்கு, மேலிடத்திலிருந்து வரலாற்றுக்கென்று அச்சடித்த பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து என் அலுவலகத்தில் இறங்கியிருந்தன. கோடிட்ட இடத்தை நிரப்பு, சரியா தவறா, பொருத்துக. இந்தப் பருவத் தொடக்கத்தில் அவர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். புத்தகத்துல இல்லாத எதையாவது இந்த மண் வேலையில பிள்ளைங்க கத்துக்கிட்டாங்கன்னு காட்டுங்க. பருவக் கடைசியில கல்வி அதிகாரி வருவார். அவர் முன்னாடி காட்டுங்க. முடியலைன்னா அடுத்த வருஷம் பயிற்சித்தாள்தான். மண்ணு, மீனு எதுவும் கிடையாது."

அக்கா வெளியே வந்ததும், "ஊரையே புதைக்கப் போறேன்டி" என்றாள்.

திட்டம் இதுதான். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இடித்துப்போட்ட அறை ஒன்றின் வெற்றிடம் இருந்தது. ஏழாம் வகுப்பு அங்கே கற்பனையாக ஒரு ஊரைக் கட்ட வேண்டும். உடைந்த செங்கல்லால் அடித்தளம், தெரு, அரண்மனை, கிடங்கு, வாசல். பொருள்களைப் போட்டு, மணல், சாம்பல், செம்மண் என்று அடுக்கடுக்காக மூட வேண்டும். மேலே கயிறு கட்டி இருபது கட்டங்கள்: க, ச, ட, த என்று நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து. பிறகு ஆறாம் வகுப்பு அதைத் தோண்டி, அங்கே யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். புதைத்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எது எங்கே என்று அக்காவுக்கே தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். அது உண்மைதான்.

தோண்டுவது என்றால் மண்வெட்டி இல்லை. கரண்டி, வண்ணம் பூசும் தூரிகை, அத்தானின் பல் கருவிகள். ஒரு பொருள் கண்ணில் பட்டதும் எடுக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே படம் வரைந்து, இரண்டு கயிறுகளிலிருந்து தூரம் அளந்து, ஆழம் குறித்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். பிறகு ஒரு அட்டை எழுத வேண்டும்: என்ன பொருள், எங்கே கிடந்தது, யார் பயன்படுத்தியிருப்பார், அப்படிச் சொல்லக் காரணம் என்ன. காரணம் எழுதாத அட்டை அக்காவிடம் திரும்பி வந்துவிடும். ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இரண்டு வாரத்தில் பன்னிரண்டு கட்டம் முடிந்தது. ஆறாம் வகுப்பு இடைவேளையை மறந்தது. மண்ணில் ஒரு பாசிமணி கிடைத்தால் பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமையும் வந்தது. மூன்று மணிக்கு வருகிறார். தேர்வுப் பட்டியல் நாற்பது பக்கத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டும்; பக்கத்துக்குப் பக்கம் பள்ளியின் வட்ட முத்திரை இருக்க வேண்டும். பித்தளை முகம், மரப்பிடி. பருவக் கடைசியில் மட்டும் வெளியே எடுப்பது. பதினொரு மணிக்கு இழுப்பறையிலிருந்து துணிப்பையை எடுத்து, முத்திரையை மையில் ஒற்றி, முதல் பக்கத்தில் அழுத்தினேன்.

தூக்கினால் வரவில்லை. கொஞ்சம் இழுத்தேன். பிடி மட்டும் கையோடு வந்தது. முத்திரை காகிதத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பித்தளை எங்கேயாவது ஒட்டிக்கொள்ளுமா? விரலால் தொட்டேன். மை ஊறி, குழைந்து, பிசுபிசுவென்று விரலில் ஏறியது. மண்! பிடியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்கிப்பிங் கயிற்றின் பிடி!

நான் போட்ட சத்தத்தில் மேல் மாடியிலிருந்து அக்கா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடி வந்தாள்.

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஊரைப் புதைப்பதற்கு முந்தின நாள், முத்திரை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும், பத்தே நிமிஷம், என்று கெஞ்சி வாங்கிப் போனவள் இவள். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தவள் நான். பத்து நிமிஷம் சாயங்காலம் வரை நீண்டு, துணிப்பையில் திரும்பி வந்தது. பிரித்துப் பார்க்காமல் உள்ளே போட்டுப் பூட்டினேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மண் முத்திரையைப் பூட்டி வைத்து மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஏழாம் வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டோம். உருண்டைக் கண்ணாடி, இரட்டைப் பின்னல். பிடியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "மிஸ்... நாங்க களிமண்ல நகல் ஒண்ணு செஞ்சோம். முதல்ல எழுத்து திரும்பி வந்துச்சு. அதுக்கு மேல இன்னொரு அச்சு எடுத்தோம், சரியா வந்துச்சு. பித்தளைக் கலர் அடிச்சோம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. அதான் எது எதுன்னு..." பின்னல் நுனியை முறுக்கினாள். "அசலைப் புதைச்சிட்டோம் போல, மிஸ்."

இத்தனை களேபரத்திலும் என் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? என் விரலில் இருந்த மண்ணைப் பார்த்து, "அச்சுக்கு அச்சு எடுத்திருக்காங்கடி! நான் சொல்லிக்கூடக் கொடுக்கலை!" என்றாள். அவளை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கண்ணாடிக்கு மேலாகத் தலைவியைப் பார்த்தார்.

"எந்த இடத்துல புதைச்சீங்க? சொல்லு. தோட்டக்காரரை வரச் சொல்றேன்."

தலைவி அக்காவைப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே விதி.

"சொல்ல வேண்டாம்" என்றாள் அக்கா.

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

"மேடம், நீங்க ஒரு விஷயம் காட்டச் சொன்னீங்க. இதுதான் அது. மண்வெட்டி போட்டா ஆறாம் கிளாஸோட இத்தனை நாள் வேலை அஞ்சு நிமிஷத்துல நாசமாயிடும். பிள்ளைங்களே கண்டுபிடிப்பாங்க. யோசிச்சுக் கண்டுபிடிப்பாங்க. எனக்கு நேரம் கொடுங்க."

"இன்னும் எட்டுக் கட்டம் இருக்கு. மூணு மணிக்குள்ள எட்டும் தோண்டிருவீங்களா?"

"மூணுதான் முடியும். எந்த மூணுன்னு அவங்க சரியா முடிவு பண்ணணும்."

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே முக்கால். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. தோட்டக்காரர் மண்வெட்டியோட அங்கேயே நிப்பார். அவர் இறங்கினா, உங்க மண் கிளாஸும் அதோட முடிஞ்சது."

அவர் போனதும் நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? முத்திரை போச்சுன்னா போறது என் வேலைடி! உன் வீம்புக்கு நான்தான் கிடைச்சேனா?"

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்வாங்கள்ல?"

"பதறு! தயவுசெஞ்சு கொஞ்சமாவது பதறு!"

அவளும் பதறித்தான் இருந்தாள். கை சில்லென்று இருந்தது. ஆனால் கொட்டகையை நோக்கி நடந்துவிட்டாள்.

ஆறாம் வகுப்பு முப்பத்திரண்டு பேர். அக்கா அவர்களிடம் காணாமல் போன கதையைச் சொல்லவில்லை. "இந்த ஊரோட முத்திரை எங்கேயோ இருக்கு. அதிகாரி மூணு மணிக்கு வர்றார். மூணு கட்டம்தான் தோண்ட முடியும். எது எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். ஒரே இரைச்சல். முக்கால்வாசிப் பேர் அரண்மனை என்றார்கள். முத்திரை என்றால் ராணியிடம்தானே இருக்கும்? அரண்மனையில் இரண்டு மூலைகள் பாக்கி. இரண்டு குழுக்களாகப் பிரிந்து குனிந்தார்கள்.

கரண்டிகள் சுரண்டின. வாளிகள் கை மாறின. சல்லடை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மூலையில் பாசிமணி கிடைத்தது, கூச்சல். இன்னொன்றில் சாயம் பூசிய கிண்ணம் கிடைத்தது, பெரும் கூச்சல். ஒவ்வொரு கூச்சலுக்கும் நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்து ஏமாந்து வந்தேன். மதிய உணவுக்கு மணி அடித்தது. ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் தூரிகையுமாகவே வேலை நடந்தது. ஒன்றரை மணிக்கு அரண்மனை முழுவதும் தரை வரை தெரிந்தது. சுத்தமான தரை. முத்திரை இல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஊரைத் தோண்டப் போய் என் வேலைக்கு உலை. எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. தோட்டக்காரர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே இறங்கினேன்.

"மிஸ், சுவர் மேல நிக்கறீங்க."

சின்னக் குரல். வகுப்பிலேயே குள்ளமான பெண். தன்னைவிடப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு திரிவதால் 'எறும்பு' என்று கூப்பிடுவார்கள். குனிந்து பார்த்தேன். என் செருப்புக்கடியில் இரண்டு செங்கல் அகலத்தில் ஒரு சுவர். ஒரு அடி உயரம்கூட இல்லை. ஏழாம் வகுப்பு விளையாட்டுக்கு அடுக்கியது. என்ன வெட்கக்கேடு, நான் அதைவிட்டு இறங்கினேன். ஒருவர் வீட்டுச் சுவரில் ஏறி நின்ற மாதிரி கூச்சமாக இருந்தது. எறும்பு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிப் பத்திரமாக வெளியே சாய்த்துவிட்டு, ஒரு டப்பாவை நீட்டினாள்.

"இது என்னன்னு பாருங்க மிஸ். போன வாரம் ச-5ல கிடைச்சது. ஏழு இருக்கு. யாருக்கும் தெரியலை."

மண் கட்டிகள். உடைந்தவை. ஒரு பக்கம் அரை வட்டமாக ஏதோ அழுத்திய தடம், எழுத்தெல்லாம் உதிர்ந்திருந்தது. ஆனால் வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. என்றைக்கோ நான் தரையில் தவறவிட்டதில் விழுந்த வெட்டு அது. எங்கள் முத்திரைதான்! வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"பின்பக்கம் பாருங்க" என்றாள் எறும்பு. பின்பக்கத்தில் நூல் தடம், துணி நெய்த தடம், ஒரு வளைவு. அவள் ஓடிப்போய், முன்பே தோண்டி எடுத்திருந்த ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அதன் வாயில் கட்டியை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"மிஸ்! அக்கா மிஸ்!" என்று கத்தினாள். எனக்கு அக்கா என்பதால் பாதிப் பள்ளிக்கு அவள் அக்கா மிஸ்தான். "ஜாடி வாயில துணி போட்டு, நூல் கட்டி, மண்ணை அப்பி முத்திரை வெச்சிருக்காங்க! திறக்கணும்னா உடைக்கணும். உடைச்சது ஏழும் ஒரே இடத்துல கிடந்துச்சு. அப்போ திறந்த ஆள் தினம் அங்கதான் உட்கார்ந்திருக்காங்க!"

"சரி. அதனால?" அக்கா குழி விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"திறந்தா மறுபடி மூடணும்ல? ஒவ்வொரு தடவையும் ராணிகிட்ட ஓடவா முடியும்? முத்திரை வேலை செய்யற ஆள்கிட்டதான் இருக்கும். ச-5க்குப் பக்கத்துல இன்னும் தோண்டாதது ட-5. வாசல்கிட்ட இருக்கற சின்ன ரூம்!"

முப்பத்திரண்டு பேரும் ட-5ஐப் பார்த்தார்கள். நான் வேலி ஓரமாக நின்ற ஏழாம் வகுப்புத் தலைவியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்றே முக்கால். ஒரு கட்டத்தில் ஆறு பேருக்கு மேல் இறங்க முடியாது. மற்றவர்கள் வாளிக்கு வரிசை கட்டினார்கள். எனக்குச் சல்லடை கொடுத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சலித்தேன். செம்மண் போனது. சாம்பல் அடுக்கு வந்தது. "தீப்பிடிச்சிருக்கு!" என்று ஒரு குரல். அதற்கும் கீழே மணல். தோட்டக்காரர் மண்வெட்டியை மறந்துவிட்டுக் குத்துக்காலிட்டு, "அந்தப் பக்கம் தூரிகை போடு கண்ணு, மெதுவா" என்று யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார். இரண்டு மணி. இரண்டு இருபது. என் முதுகெல்லாம் வியர்வை. இரண்டு முப்பத்தெட்டுக்கு எறும்பின் தூரிகை நின்றது.

மணலுக்குள் மஞ்சளாக ஒரு மினுக்கு.

யாரும் கத்தவில்லை. அத்தனை நேரம் பாசிமணிக்கும் கிண்ணத்துக்கும் கத்தியவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. நான்தான் சல்லடையை வீசிவிட்டுப் பாய்ந்தேன்.

"தொடாதீங்க மிஸ்! இன்னும் வரையலை!"

நீட்டிய கையோடு அப்படியே நின்றேன். அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை. அவர் பக்கத்தில் சீக்கிரமே வந்துவிட்ட கல்வி அதிகாரி. குழிக்குள் பள்ளியின் முத்திரை கிடக்கிறது. விளிம்பில் நாங்கள் இத்தனை பெரியவர்கள் நிற்கிறோம். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பென்சிலை நாக்கில் தொட்டு நிதானமாகப் படம் வரைகிறாள். தலைமையாசிரியை எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அன்று காத்திருந்தார். அளவுநாடா பிடிக்க ஆள் போதாமல் எறும்பு திரும்பிப் பார்த்தபோது, குனிந்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எறும்பு முத்திரையை எடுத்தாள். முகம் முழுக்க ஏழாம் வகுப்பு களிமண்ணை அப்பியிருந்ததால் எழுத்து தெரியவில்லை. மரப்பிடியை மட்டும் துடைத்து, மேல்பக்கம் எது என்று காட்டும் ஆணியைப் பார்த்து, வலது கையில் பிடித்தாள், இடது கைக்கு மாற்றினாள், திரும்ப வலது, திரும்ப இடது. அப்புறம் அட்டை எழுத உட்கார்ந்தாள். தலைமையாசிரியை அவள் தோளுக்கு மேலாக அதை உரக்கப் படித்தார்.

"பொருள்: முத்திரை. பித்தளை, மரம். இடம்: ட-5, சாம்பலுக்குக் கீழே. பயன்படுத்தியவர்: ராணி இல்லை. வாசல் பக்கத்து அறையில் வேலை செய்தவர். காரணம்: பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கிறது. அப்படியானால் ரொம்ப வருஷம் ஒரே ஆள். வலது கையால் பிடித்தால் விரல் குழியில் உட்காரவில்லை. இடது கையால் பிடித்தால் சரியாக உட்காருகிறது. அவர் இடது கைக்காரர். அவர் முத்திரை வைக்காமல் இந்த ஊரில் ஒரு ஜாடிகூடத் திறந்திருக்க முடியாது."

என் இடது கையை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாம் இடது கைதான். பத்தொன்பது வருஷமாக அந்தப் பிடியை அழுத்திக்கொண்டிருக்கிறேன். அதில் குழி விழுந்திருப்பது எனக்கே தெரியாது.

தலைமையாசிரியை அட்டையைக் கீழே வைத்தார். "நல்லா எழுதியிருக்கே. ஆனா இது சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"முடியாது மேடம். அந்த ஆள் செத்து நாலாயிரம் வருஷம் ஆச்சே."

"சாகலை" என்றார் தலைமையாசிரியை. "எல்லாரும் என் பின்னாடி வாங்க."

எனக்குப் புரிவதற்குள் கும்பல் என்னையும் தள்ளிக்கொண்டு போனது. எறும்பு ஈரத்துணியால் முத்திரையின் முகத்தைத் துடைத்தபோது பள்ளியின் பெயர் தெரிந்தது. "ஐயோ, நம்ம ஸ்கூல்!" என்று ஒருவன் அலறினான். தலைமையாசிரியை அதை என் மேஜையில், மைப்பெட்டிக்கு நேர் நடுவில் வைத்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாற்பது பக்கமும் எதிரே இருந்தது. உள்ளே இடம் போதாமல் பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் தொங்கினார்கள். அதிகாரி ஒரு பக்கம், மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா ஒரு பக்கம்.

"என்ன மேடம் இது?" என்று மெதுவாகக் கேட்டார் அதிகாரி.

"அக்கா மிஸ்ஸோட பாடம் சார். கொஞ்சம் பாருங்க" என்றார் தலைமையாசிரியை. என்னிடம், "ம், வைங்க" என்றார்.

முப்பத்திரண்டு ஜோடிக் கண்களும் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தன. எறும்பு மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கண் சிமிட்டாமல் இருந்தாள். நான் இடது கையை நீட்டிப் பிடியை எடுத்தேன். கட்டைவிரல் தானாகவே குழியில் போய் உட்கார்ந்தது.

அப்படி ஒரு கூச்சலை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. எறும்பைத் தூக்கிவிட்டார்கள். ஏழாம் வகுப்புத் தலைவி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு மூன்று வாரத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். கணக்கு ஆசிரியர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, விஷயம் தெரியாமலே கைதட்டினார். நான் மையில் ஒற்றி முதல் பக்கத்தில் அழுத்தினேன், தூக்கினேன், வட்டம் முழுசாக விழுந்திருந்தது. மறுபடியும் கூச்சல். பக்கத்துக்குப் பக்கம் கூச்சல்.

அந்த இரைச்சலுக்கு நடுவே தலைமையாசிரியை சுவரோரம் இருந்த பயிற்சித்தாள் கட்டுகளைக் காட்டி, "சார், போகும்போது இதை எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குத் தேவைப்படாது" என்றார். பிறகு என் பக்கமாகக் குனிந்தார். "ஆறு வருஷமா உங்களுக்கு எதிர்ல நின்னு கையெழுத்துப் போடறேன். நீங்க எந்தக் கைன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தாவணி போட்ட வயசில் அழுததைப் போல அழுதாள். நான் நாற்பதாவது பக்கத்தை வைத்து முடிக்கிற வரை ஒரு பிள்ளைகூட வீட்டுக்குப் போகவில்லை.